பிக்கிள்பால்: எங்கே தப்புகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை, பேடில் என்ற மட்டையால் நெட்டுக்கு மேல் அடித்து ஆடுவது பிக்கிள்பால். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். கற்றுக்கொள்ளலாம்தான். கேள்விகள் வருவது இரண்டாவது மணி நேரத்தில்: சர்வ் ஏன் போகவில்லை, எதிரில் நிற்பவர் ஏன் ‘ஃபால்ட்’ (தப்பு) என்கிறார், ஸ்கோரில் மூன்றாவது எண் எதற்கு, நான் அடிப்பதெல்லாம் ஏன் எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்த மாதிரி எழும்புகிறது?

நான் ஷட்டில் ஆடிப் பழகி இங்கே வந்தவன். ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் இதுவும் ஒரே அளவு, 44 அடி நீளம், 20 அடி அகலம். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. முதல் நாள் எதிரணி எடுத்த பாயிண்ட்டுகளில் பெரும்பாதி நானே கையில் கொடுத்தவை. பிறகு உட்கார்ந்து யோசித்தால், கை செய்த தப்பு கொஞ்சம்தான். கால் நிற்கக் கூடாத இடத்தில் நின்றதுதான் அதிகம். ஆகவே கீழே எந்தக் கோளாறைத் தேடி வந்திருந்தாலும், புதுப் பேடில் வாங்கக் கிளம்பும் முன், அந்த நேரத்தில் பாதம் எங்கே இருந்தது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

கோர்ட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். நெட்டின் இரு பக்கமும் 7 அடிக்கு ஒரு பட்டை. விதிப் புத்தகத்தில் அதன் பெயர் நான்-வாலி சோன். ஆடுகிறவர்கள் வாயில் கிச்சன். அதற்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சர்வீஸ் கட்டங்கள், ஒவ்வொன்றும் 10 அடிக்கு 15 அடி. கடைசிக் கோடு பேஸ்லைன்.

சர்வ் நெட்டில் மாட்டுகிறது, தாண்டினால் கிச்சனில் விழுகிறது

பேஸ்லைனிலிருந்து நெட் 22 அடி. அதற்கப்பால் கிச்சன் 7 அடி. ஆக, குறைந்தது 29 அடி பறந்தால்தான் சர்வ் செல்லும்; குறுக்காக அடிப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். கிச்சன் கோட்டின் மேல் பட்டாலும் செல்லாது. மற்ற கோடுகளில் பட்டால் செல்லும். வாய்ப்பு ஒன்றே ஒன்று, டென்னிஸ் போல இரண்டாவது சர்வ் கிடையாது.

புதிதாக ஆடுகிறவர் கண் நெட்டின் மேல் விளிம்பிலேயே இருக்கும். நெட் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். அதை உரசிக்கொண்டு போகிற சர்வ் பார்க்க அழகு, ஆனால் அதற்குத் தனியாகப் பாயிண்ட் எதுவும் தருவதில்லை. இருக்கிற நெட்டின் மேல் இன்னொரு நெட் கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு மேலே அனுப்புங்கள். எதிர்க் கட்டத்தின் பின்பாதியில் ஓர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கை தோளிலிருந்து ஊஞ்சல் போல முழுசாக வரட்டும். மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று உதறினால் பந்து ஒரு முறை நெட்டில், மறுமுறை வேலியில்.

நெட்டில் பட்டுத் தாண்டி, சரியான கட்டத்தில் விழுந்தால்? ஆட்டம் தொடரும். முன்பு ‘லெட்’ என்று மறுபடி போடச் சொல்வார்கள். அமெரிக்க விதிப் புத்தகம் 2021இல் அதை எடுத்துவிட்டது. பழைய ஆட்கள் சிலர் பழக்கதோஷத்தில் இன்னும் நிறுத்துவார்கள்.

சர்வ் போய்ச் சேருகிறது, ஆனாலும் ‘ஃபால்ட்’ என்கிறார்கள்

காற்றிலேயே பந்தை அடிக்கும் சர்வுக்கு மூன்று நிபந்தனை. கை கீழிருந்து மேலே போக வேண்டும். பந்து தொப்புளுக்குக் கீழே பேடிலில் பட வேண்டும். அந்த நொடியில் பேடிலின் தலை மணிக்கட்டைவிட உயரக் கூடாது. டேபிள் டென்னிஸ் ஆடியவர்கள் மூன்றாவதில் மாட்டுவார்கள், ஷட்டில் ஆடியவர்கள் இரண்டாவதில்.

இவற்றோடு மல்லுக்கட்டாமல் டிராப் சர்வுக்கு மாறிவிடுங்கள். பந்தைக் கையிலிருந்து நழுவ விட்டு, தரையில் பட்டு எழும்பியதும் அடிப்பது. மேலே சொன்ன மூன்று நிபந்தனையும் இதற்குக் கிடையாது. ஒன்றே ஒன்று: பந்தைக் கீழே எறியவோ மேலே போடவோ கூடாது, விட வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பந்து அதிகம் துள்ளாது. 78 அங்குல உயரத்திலிருந்து விட்டால் 30 முதல் 34 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்பது பந்துக்கான அளவுகோல். நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் சுமார் முழங்கால் வரைதான் வரும். அங்கே அடிக்க வேண்டுமென்றால் கை தானாகவே கீழிருந்து மேலேதான் வந்தாக வேண்டும். சட்டத்துக்குப் பயந்து சரியாக அடிப்பதைவிட, தப்பாக அடிக்கவே முடியாத உயரத்தில் அடிப்பது நிம்மதி.

இதிலும் ஃபால்ட் என்றால் காலைப் பாருங்கள். பந்தை அடிக்கும்போது ஒரு பாதமாவது பேஸ்லைனுக்குப் பின்னால் தரையில் இருக்க வேண்டும், எந்தப் பாதமும் கோட்டையோ உள்ளேயோ தொட்டிருக்கக் கூடாது. கோட்டுக்கு ஒட்டி நிற்பதால் யாருக்கும் லாபமில்லை. ஓரடி தள்ளி நில்லுங்கள்.

சர்வ் போட்டுவிட்டு முன்னால் ஓடினேன், பாயிண்ட் போனது

சர்வ் எதிர்ப்பக்கம் ஒரு முறை தரையில் பட வேண்டும். அவர்கள் திருப்பி அடித்தது உங்கள் பக்கம் ஒரு முறை பட வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் காற்றில் அடிக்கலாம். சர்வ் போட்டதும் ஓடினால் அவர்கள் திருப்பிய அந்தப் பந்து காலடியில் வரும். தரையில் படும் முன் தொட்டுவிடுவீர்கள். மருந்து: சர்வ் போடும் அணி இரண்டு பேரும் பேஸ்லைனுக்குப் பின்னால். பார்ட்னர் முன்னால் நின்றால் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுங்கள்.

கிச்சனில் எப்போது பார்த்தாலும் ஃபால்ட்

புதியவர்கள் அதிகம் பாயிண்ட் இழப்பது இங்கேதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். விதி இடத்தைத் தடுக்கவில்லை. தடுப்பது வாலியை, அதாவது பந்து தரையில் படும் முன் காற்றிலேயே அடிப்பதை. கிச்சனிலோ அதன் கோட்டிலோ கால் பட்டிருக்கும்போது வாலி அடிக்கக் கூடாது. மற்றபடி நீங்கள் உள்ளே போகலாம், வரலாம், விருப்பமிருந்தால் நாள் முழுக்க நிற்கலாம். பந்து உள்ளே தரையில் பட்டால் போய்த்தான் ஆக வேண்டும். “ஐயோ கிச்சன்” என்று கோட்டுக்கு வெளியே நின்று குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஒரு ஆட்டம் எனக்கு மறக்காது. எதிரணி 10, நாங்கள் 9. பந்து தலைக்கு மேல் சோம்பலாக வந்தது. கோட்டுக்கு நன்றாக வெளியே நின்று ஓங்கி அடித்தேன். பந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் பட்டு, பின்வேலியில் மோதி உருண்டது. பார்ட்னர் கை தட்டக் கையைத் தூக்கிவிட்டார். எதிரில் நின்ற அம்மா ஒன்றும் பேசவில்லை, பேடிலால் என் காலைக் காட்டினார். அடித்த வேகத்தில் ஒன்றரை எட்டு முன்னால் வந்திருந்தேன். இடது ஷூவின் நுனி வெள்ளைக் கோட்டின் மேல், விரலகலம்தான். பந்து எப்போதோ செத்துவிட்டது என்றேன். அது கணக்கில் இல்லை: வாலி அடித்த வேகம் உங்களை உள்ளே கொண்டுபோனால், பந்து முடிந்த பிறகானாலும் ஃபால்ட்தான். தொப்பி, பேடில் அந்த வேகத்தில் உள்ளே விழுந்தாலும் அதே கதை. சர்வ் கைமாறியது, அடுத்த பந்தில் 11-9.

திருத்தும் வழி: கோட்டில் மூக்கை உரசிக்கொண்டு நிற்காமல், ஒரு ஷூ நீளம் பின்னால் நில்லுங்கள். வாலியை ஓங்கி அடிக்காதீர்கள். எதிரில் நிற்பவனின் பாதி பலம் தனக்கு வந்துவிடும் என்று ராமாயண வாலிக்கு ஒரு வரம் உண்டே, இந்த வாலிக்கும் அது இருக்கிறது. பந்தோடு வந்த வேகமே போதும். பேடிலை நெஞ்சுக்கு முன்னால் காட்டினால் அது திரும்பிப் போகும், நீங்கள் நின்ற இடத்திலேயே இருப்பீர்கள். கிச்சனுக்குள் போய் அடித்துவிட்டு வந்தால், இரண்டு பாதமும் வெளியே தரையில் ஊன்றிய பிறகுதான் அடுத்த வாலி. ஒற்றைக்காலில் பின்னால் தாவிக்கொண்டே அடித்தால் செல்லாது.

ஸ்கோர் சொல்லும்போது நாக்குக் குழறுகிறது

டபுள்ஸில் மூன்று எண். சர்வ் போடும் அணியின் ஸ்கோர், எதிரணி ஸ்கோர், சர்வ் போடுகிறவர் அந்த முறையில் முதல் ஆளா இரண்டாம் ஆளா என்பது. சர்வ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட் ஏறும். 11 எடுக்க வேண்டும், இரண்டு வித்தியாசம் வேண்டும். (ராலி என்பது சர்விலிருந்து பந்து நிற்கும் வரை நடக்கும் ஆட்டம். ஒவ்வொரு ராலிக்கும் யார் வென்றாலும் பாயிண்ட் என்ற முறையும் சில இடங்களில் உண்டு, ஆரம்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரு அணிக்கு சர்வ் வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய்ப்பு போடுவார்கள். ஆட்டத்தின் முதல் சர்வ் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒருவருக்கு மட்டுமே வாய்ப்பு, முதலில் தொடங்குகிற அணிக்கு அனுகூலம் கூடிவிடக் கூடாது என்று. அதனால்தான் ஆட்டம் ‘0-0-1’ என்று தொடங்காமல் ‘0-0-2’ என்று தொடங்குகிறது.

நடத்திப் பார்ப்போம். நீங்கள் வலப்பக்கம் நின்று ‘0-0-2’ சொல்லி சர்வ் போட்டு வென்றீர்கள். இப்போது நீங்களும் பார்ட்னரும் இடம் மாறுகிறீர்கள். நீங்களே இடப்பக்கத்திலிருந்து ‘1-0-2’. இதைத் தோற்றீர்கள். சர்வ் எதிரணிக்கு. அங்கே வலப்பக்கம் இருப்பவர் ‘0-1-1’ என்று தொடங்குவார். அவர் தோற்றால் அவர் பார்ட்னர், தான் நிற்கிற பக்கத்திலிருந்தே, ‘0-1-2’. அவரும் தோற்றால் சர்வ் உங்களுக்கு. இப்போது உங்கள் அணியில் வலப்பக்கம் யார்? நீங்கள் அல்ல, பார்ட்னர். அவர்தான் ‘1-0-1’ போட வேண்டும். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது.

யார் எங்கே என்று மறந்துபோனால் ஒரு சரிபார்ப்பு உண்டு. உங்கள் அணியில் ஆட்டத்தை வலப்பக்கத்தில் தொடங்கியவர் யாரோ, உங்கள் ஸ்கோர் இரட்டைப்படையாக இருக்கும்போது அவர் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். சர்வை எதிர்கொள்ளும் அணி இடம் மாறுவதே இல்லை. ஸ்கோரை முழுசாகச் சொல்லி முடித்த பிறகே பந்தை அடியுங்கள். சொல்லி முடித்ததிலிருந்து 10 விநாடி இருக்கிறது, ரயில் ஒன்றும் கிளம்பவில்லை.

வருகிற பந்தெல்லாம் காலடியிலேயே விழுகிறது

நீங்கள் நிற்பது பேஸ்லைனும் இல்லை, கிச்சன் கோடும் இல்லை, நடுவழி. அங்கே நின்றால் பந்து காலில்தான் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்த எதிராளி வேறெங்கும் அடிக்க மாட்டார்.

சர்வை எதிர்கொள்கிறவராக இருந்தால் வேலை சுலபம்: ஆழமாகத் திருப்பி அடித்துவிட்டு, நின்று ரசிக்காமல் நேராகக் கிச்சன் கோட்டுக்குப் போய்விடுங்கள். பார்ட்னர் ஏற்கெனவே அங்கே காத்திருப்பார்.

சர்வ் போட்ட அணிக்குத்தான் கஷ்டம். எதிரணி இருவரும் முன்னால் வந்துவிட்டார்கள், நீங்கள் பேஸ்லைனில். மூன்றாவது அடியை வேகமாக அறைந்தால் அவர்கள் அதைக் காற்றிலேயே தட்டிவிடுவார்கள். அதனால்தான் தேர்ந்தவர்கள் மெல்லத் தூக்கி அவர்கள் கிச்சனுக்குள் இறங்கும்படி போடுகிறார்கள். தேர்ட் ஷாட் டிராப் என்பது அதுதான். உடனே வராது, பலருக்கு மாதக் கணக்கில் வராது. அதற்குள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது: எதிராளி பேடில் பந்தில் படப்போகிற நொடியில், நீங்கள் எங்கே இருந்தாலும், ஓடுவதை நிறுத்தி இரண்டு காலையும் அகட்டி நின்றுவிடுங்கள். அவர் அடித்ததும் பந்தை எடுத்துவிட்டு அடுத்த நாலு எட்டு. ஓடிக்கொண்டே எடுத்த பந்து உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. கிச்சன் கோட்டுக்கு ஒரே ஓட்டமாகப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இரண்டு தவணையில் போகலாம்.

டிங்க் போட்டால் பந்து மேலே எழும்புகிறது, எதிராளி அடித்து நொறுக்குகிறார்

டிங்க் என்பது கிச்சன் கோட்டருகே நின்று எதிராளியின் கிச்சனுக்குள் மெல்லப் போடுவது. சுலபமாகத் தெரியும், ஆகாது. இந்த வரிசையில் சோதியுங்கள், முதலாவதிலேயே பாதிப்பேருக்குச் சரியாகிவிடும்.

1. பிடி. பேடிலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்? முழு இறுக்கம் பத்து என்றால் மூன்றோ நாலோ போதும். இறுக்கினால் பந்து பலகையில் பட்ட மாதிரி துள்ளும். பக்கத்தில் நிற்கிறவர் பேடிலைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நழுவி வர வேண்டும்.

2. பின்வீச்சு. பேடில் உங்கள் முதுகுப்பக்கம் போய் வருகிறதா? போகக் கூடாது. எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே, உடம்புக்கு முன்னால் இருக்கட்டும்.

3. மணிக்கட்டு. தோசை திருப்புகிற அசைவு வந்தால் பந்து எழும்பும். மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, தோளிலிருந்து மெல்லத் தள்ளுங்கள்.

4. முழங்கால். பந்து தாழ்வாக வந்தால் நீங்களும் தாழ வேண்டும். நின்றபடியே இடுப்பை வளைத்துக் குனிந்தால் பேடிலின் முகம் வானம் பார்க்கும்.

ஷட்டில்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நமக்கு நெட் என்றால் 5 அடி. 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் பில் பெல்லும் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோதும் ஷட்டில் கோர்ட்டில் 60 அங்குல உயரத்தில்தான் நெட் கட்டினார்கள். பந்து தரையில் நன்றாக எழும்புவதைப் பார்த்து 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அவர்கள் இறக்கிவிட்டார்கள், நம் கை இறக்கவில்லை. இல்லாத அந்த இரண்டடிக்கும் சேர்த்துத் தூக்குகிறது.

அவுட் போகிற பந்தையெல்லாம் நானே அடித்துக் காப்பாற்றுகிறேன்

வேகமாக வருகிற பந்து உங்கள் தோளுக்கு மேலே இருந்தால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் வெளியே போகும். விடுவதற்கும் பழக்கம் வேண்டும். பார்ட்னரை “விடு”, “அவுட்” என்று கத்தச் சொல்லுங்கள். பந்து தரையில் படும் முன் சொன்னால் அது உங்களுக்குள் பேசிக்கொண்டதாகத்தான் கணக்கு, தீர்ப்பாகாது. பட்ட பிறகு உங்கள் பக்கத்துக் கோட்டுக்கு நீங்களே நடுவர். சந்தேகம் வந்தால் பலன் எதிரணிக்கு.

நடுவில் வருகிற பந்தை இருவரும் “நீ எடுப்பாய்” என்று விட்டுவிடுகிறீர்களா? ஃபோர்ஹேண்ட் நடுவில் இருப்பவர் எடுக்கட்டும். ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

தலைக்கு மேல் லாப் வந்தால் தடுமாறுகிறேன்

இதில் பாயிண்ட்டைவிட எலும்பு முக்கியம். முகத்தை நெட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓடாதீர்கள். குதிகால் தட்டி மல்லாந்து விழுவதும், ஊன்றிய கையில் மணிக்கட்டு போவதும் இப்படித்தான். என்னோடு ஆடுகிற ஒருவர் இப்படி விழுந்து ஆறு வாரம் கட்டோடு வேடிக்கை பார்த்தார். அந்தப் பந்து அவுட்.

லாப் என்று தெரிந்ததும் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து உடம்பைத் திருப்புங்கள், பிறகு முன்னோக்கி ஓடுவது போலவே பேஸ்லைனைப் பார்த்து ஓடுங்கள். எட்டாது என்று தோன்றினால் பார்ட்னர் குறுக்கே போய் எடுக்கட்டும், நீங்கள் அவர் இடத்துக்கு மாறுங்கள். அதுவும் முடியாதென்றால் “நல்ல ஷாட்” என்று சொல்லிவிட்டுப் பந்தைப் பொறுக்கப் போகலாம்.

காலணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டப்பயிற்சி ஷூ முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்தது, அடிப்பாகம் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். பக்கவாட்டில் வெட்டித் திரும்பினால் கணுக்கால் மடங்கும். டென்னிஸ், ஷட்டில் போன்ற கோர்ட் ஆட்டங்களுக்கான ஷூ இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். முதலில் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான், பேடிலுக்கு இல்லை.

ஆடி முடித்தால் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது

மறுபடியும் பிடி. நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். கைப்பிடியின் பருமனையும் பாருங்கள்: பேடிலைப் பிடித்திருக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பிடி ஒல்லி, மேலே ஒரு கிரிப் டேப் சுற்றுங்கள். ரொம்ப இடம் இருந்தால் பிடி பருமன், அதற்குப் பேடிலைத்தான் மாற்ற வேண்டும். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், சக ஆட்டக்காரர்களின் தைலங்களை வரிசையாகச் சோதிக்காதீர்கள்.

எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், பந்து மட்டும் இன்று கோணலாகப் போகிறது

வெளிக்கோர்ட்டில் உள்ளரங்கப் பந்தை வைத்து ஆடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். உள்ளரங்கப் பந்தில் வழக்கமாக 26 பெரிய ஓட்டைகள். வெளிப்பந்தில் 40 சிறிய ஓட்டைகள், பிளாஸ்டிக்கும் கடினம். 26 ஓட்டைப் பந்தைக் காற்று பிடித்தால் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

அது சரியாக இருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பந்து பேடிலில் ‘டக்’ என்று தெளிவாக ஒலிக்கும். விரிசல் விட்ட பந்தின் சத்தம் மண்பானை கீறல் விட்ட மாதிரி மொத்தென்று இருக்கும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விரிசல் பெரும்பாலும் ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு மயிரிழையாக ஓடும்; விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் வாய் திறக்கும். குளிரில் சீக்கிரம் உடையும். ராலி நடுவில் கண்டுபிடித்தாலும் நிறுத்தாமல் ஆடி முடியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். உடைந்ததை மட்டும் பைக்குள் போடாதீர்கள். அடுத்த வாரம் மறந்துபோய் அதையே எடுத்து சர்வ் போடுவீர்கள்.